தயாரிப்பு நின்றுபோன ஆக்டிவ் ஸ்பீக்கர்: போர்டைச் சரிசெய்வதா, ஆம்பை மாற்றுவதா, கைவிடுவதா?

சாதாரண ஸ்பீக்கர் செட்டில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போனால் வேறு ஆம்ப் வாங்கிக்கொள்ளலாம், ஸ்பீக்கர் போனால் வேறு ஸ்பீக்கர். ஆக்டிவ் ஸ்பீக்கரில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அதிலும் உயர்ரக மாடல் என்றால் கீழ் ஸ்வரங்களைப் பாடும் வூஃபருக்கு ஓர் ஆம்ப், மேல் ஸ்வரங்களைப் பாடும் ட்வீட்டருக்கு இன்னோர் ஆம்ப், அவற்றுக்கு முன்னால் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஃபில்டர் போர்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பவர் சப்ளை. கம்பெனி அந்த மாடலைத் தயாரிப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆன பிறகு ஒரு பக்கம் மட்டும் ஊமையாகிவிட்டால் என்ன செய்வது? ஜோடியில் ஒன்று நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும்போது இரண்டையும் தூக்கிப் போட மனசு வராது. போடவும் கூடாது என்பதுதான் என் கருத்து.

எந்த வழி சரி என்பதைப் பணத்தை வைத்து முடிவு செய்வதற்கு முன், உள்ளே எது போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்தப் பெட்டியில் எல்லா பாகமும் சம மதிப்புள்ளவை இல்லை. பவர் சப்ளையை யார் வேண்டுமானாலும் திரும்பக் கட்டலாம். பவர் ஆம்ப் பகுதியையும் பெரும்பாலும் மாற்றிவிடலாம். ஃபில்டர் போர்டு அப்படி இல்லை. எந்த அதிர்வெண்ணில் வூஃபர் விட்டு ட்வீட்டர் தொட வேண்டும், வூஃபரின் எந்தக் குறையை எவ்வளவு ஏற்றி ஈடுகட்ட வேண்டும், இரண்டுக்கும் நடுவே எத்தனை டெசிபல் வித்தியாசம் என்பதெல்லாம் அந்தப் போர்டில் உள்ள ரெசிஸ்டர், ஃபிலிம் கெப்பாசிட்டர் மதிப்புகளில்தான் பொதிந்திருக்கிறது. அந்த ஸ்பீக்கரின் குரலே அதுதான். ஆகவே எந்த வழியில் போனாலும் ஃபில்டர் போர்டு உயிரோடு இருக்கிறதா, அது காப்பாற்றப்படுகிறதா என்பதே நான் முதலில் பார்க்கும் விஷயம்.

டென்மார்க் கம்பெனியான பாங் அண்ட் ஒலுஃப்சனின் பியோலேப் 8000ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டேவிட் லூயிஸ் வடிவமைத்து 1992இல் வந்தது. ஆர்கன் குழாய் மாதிரி, பளபளக்கும் அலுமினியத்தில், 132 சென்டிமீட்டர் உயரம். உள்ளே இருப்பவை 4 அங்குல வூஃபர்கள் இரண்டும் ஒரு ட்வீட்டரும்தான். இவ்வளவு ஒல்லியான குழாயிலிருந்து அந்த அளவு பாஸ் வருவதற்குக் காரணம், போர்டு கீழ் ஸ்வரங்களைக் கணக்குப் பண்ணி ஏற்றிக் கொடுப்பது. போர்டைக் கழற்றிவிட்டு அந்த வூஃபரை நேராக ஓர் ஆம்பில் மாட்டினால் கேட்பது வேறொரு ஸ்பீக்கர்.

சரி, எது போயிருக்கிறது என்று எப்படித் தெரியும்? பெட்டியைத் திறக்காமலே பாதி ஊகிக்கலாம். ஆன் செய்த உடனே ஃபியூஸ் போகிறது என்றால் பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் அல்லது பவர் ஐசி ஷார்ட். தடிமனான ஹம் கேட்டு, அது 100 ஹெர்ட்ஸில் இருந்தால் பவர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ந்துவிட்டன. 50 ஹெர்ட்ஸ் ஹம் என்றால் முதலில் எர்த்தையும் கேபிளையும் பாருங்கள். காலையில் எழுந்திருக்க நேரம் எடுக்கிறது, டிக் டிக் என்று தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிறது என்றால் ஸ்டாண்ட்பை சப்ளையில் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர்கள். ஒலி வருகிறது, ஆனால் வூஃபர் கரகரக்கிறது என்றால் ஆம்பைத் தொடுவதற்கு முன் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தைப் பாருங்கள். விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தால் பழுது அங்கேதான்.

கம்பெனியிடமே கொடுப்பது

இது முடிகிற இடத்தில் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பின்லாந்தின் ஈசல்மியில் 1978இல் தொடங்கிய ஜெனெலெக், நின்றுபோன மாடல்களுக்கும் நீண்ட காலம் உதிரிபாகம் வைத்திருப்பதில் பேர் பெற்றது. 1990களில் ஸ்டூடியோக்களில் நிறைய புழங்கிய 1031ஏ (8 அங்குல வூஃபர், வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தலா 120 வாட்ஸ்) மாதிரியான மாடல் வைத்திருப்பவர்கள் முதலில் அங்கே ஒரு கடிதம் போட்டுப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் ஏடிசியும் இதே குணம் கொண்டது. அதன் ஆம்ப் பகுதி பின்பக்கத்தில் ஒரே தொகுப்பாக வருகிறது. தனித்தனி டிரான்சிஸ்டர்களால் கட்டப்பட்டது என்பதால் நல்ல மெக்கானிக் யாரும் கை வைக்கலாம்.

இதில் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கம்பெனி உங்கள் போர்டையே சரிசெய்து தருகிறதா, அல்லது வேறு போர்டை மாற்றித் தருகிறதா? மாற்றித் தருவதாக இருந்தால், பழைய போர்டில் உங்கள் ஜோடிக்கென்று அமைத்த டிரிம்மர்களின் (திருகி அளவை நுணுக்கமாக மாற்றும் சின்ன பாகங்கள்) நிலைகள் புதியதற்கும் அமைக்கப்படுமா என்று கேளுங்கள். பல தயாரிப்பாளர்கள் டிரைவர்களின் (வூஃபர், ட்வீட்டர் போன்ற ஒலி எழுப்பும் பாகங்கள்) சின்னச் சின்ன வித்தியாசங்களை ஃபேக்டரியில் அளந்து அந்த டிரிம்மர்களால் சரிக்கட்டுகிறார்கள். அது தவறினால் இடதும் வலதும் ஒன்றுபோல ஒலிக்காது. பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும்.

உள்ளூர் மெக்கானிக்கிடம் போர்டைச் சரிசெய்வது

கம்பெனி கைவிரித்துவிட்டால் அடுத்து நான் சொல்வது இதைத்தான். ஆக்டிவ் ஸ்பீக்கர் ஆம்புகள் கெடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: வெப்பம். மூடிய பெட்டி, உள்ளே ஹீட்சிங்க், அதன் பக்கத்திலேயே எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். இந்தக் கெப்பாசிட்டரின் ஆயுளுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்காகும். 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று எழுதிய பழைய கெப்பாசிட்டர் 55 டிகிரியில் வேலை செய்தால் சுமார் 16,000 மணி நேரம் தாங்கும். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஸ்டாண்ட்பையில் இரவு பகலாகக் கிடக்கும் ஸ்பீக்கருக்கு அது இரண்டு வருஷம்கூட இல்லை. அந்த நாளோடு கெப்பாசிட்டர் செத்துவிடும் என்று அர்த்தம் இல்லை. அதன் குணம் அளவுக்கு மீறி மாறத் தொடங்கும், அவ்வளவுதான். அதே இடத்தில் 105 டிகிரி, 5000 மணி நேரம் என்ற தரத்தில் ஒன்றைப் போட்டால் கணக்கு 1,60,000 மணி நேரமாகிறது. அதாவது 18 வருஷம். நிச்சிகான், பானாசோனிக், ருபிகான் போன்ற நல்ல கம்பெனிகளின் கெப்பாசிட்டர்களை ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு முழு செட்டாக வாங்கினாலும், புது உயர்ரக ஸ்பீக்கரின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. இந்த வழியை நான் முன்னால் வைப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், ஃபில்டர் போர்டில் இருக்கும் ஃபிலிம் கெப்பாசிட்டர்களும் ஒரு சதவீத ரெசிஸ்டர்களும் லேசில் கெடுவதில்லை. அங்கே போவது ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்தும் சில கப்ளிங் எலக்ட்ரோலிட்டிக்குகள், எப்போதாவது ஓர் ஆப்-ஆம்ப் (சிக்னலைக் கையாளும் சின்ன ஐசி). டிஎல்072, என்இ5532 போன்ற பழைய ஆப்-ஆம்புகள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். "போர்டைத் திறந்ததுதான் திறந்தாச்சு, இதைவிட வேகமான, விலை உயர்ந்த ஆப்-ஆம்பைப் போட்டுவிடலாமே" என்று தோன்றும். வேண்டாம். பழைய போர்டின் தடங்கள் அந்த வேகத்துக்காக வரையப்பட்டவை அல்ல. காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் சர்க்யூட் தானாக ஊசலாடத் தொடங்கி, ட்வீட்டரைச் சூடாக்கும். எந்த எண் இருந்ததோ அதையே போடுங்கள்.

மெக்கானிக்கைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே ஒரு சோதனை போதும். பழுது பார்த்த ஆம்பை முதன்முதலில் எப்படி ஆன் செய்வார் என்று கேட்பேன். சாதாரண ஸ்பீக்கரில் ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். ஆம்ப் கெட்டு டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) வந்தாலும் அது தடுத்துவிடும். ஆக்டிவ் ஸ்பீக்கர்களில் பலவற்றில் ட்வீட்டர் ஆம்போடு நேராக இணைந்திருக்கிறது. ஓர் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் சப்ளையின் முழு மின்னழுத்தமும் ட்வீட்டர் காயிலில் இறங்கும், கண்ணிமைக்கும் நேரத்தில் அது கருகிவிடும். இனி கிடைக்காத ட்வீட்டர் அது. ஆகவே விவரம் தெரிந்தவர் டிரைவர்கள் எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவற்றின் இடத்தில் 8 ஓம் பவர் ரெசிஸ்டர்களை மாட்டுவார். மெயின் லைனில் 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை சீரீஸாகப் போடுவார். ஆன் செய்ததும் பல்பு ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது, ஆனால் புதுப் பாகங்கள் தப்பித்தன. அப்புறம் ப்ளஸ், மைனஸ் சப்ளை இரண்டும் சமமா என்று பார்த்து, அவுட்புட்டில் டிசி அளப்பார். 50 மில்லிவோல்ட்டுக்குள் நின்ற பிறகுதான் வூஃபரை மாட்டுவார். ட்வீட்டர் கடைசி. "ஸ்பீக்கர மாட்டித்தான் பாக்கணும்" என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், அவர் வேறு வேலைகளில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

டிரிம்மர்களைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போர்டைக் கழற்றும் முன் ஒவ்வொரு டிரிம்மரின் நிலையையும் கிட்டத்தில் போட்டோ எடுத்து, ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துக் குறித்துக்கொள்வது நல்லது. நல்ல நிலையில் இருக்கும் ஜோடி ஸ்பீக்கரின் போர்டையும் அதேபோல எடுத்து வையுங்கள். பழுதான போர்டின் ஒவ்வொரு புள்ளியையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சர்க்யூட் டயகிராம் கிடைக்காத மாடலுக்கு அதைவிட நம்பகமான வழிகாட்டி இல்லை.

போலி பாகங்கள் இந்த வழியின் பெரிய ஆபத்து. 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்ற டிரான்சிஸ்டர் ஜோடியும், டிடிஏ7294, எல்எம்3886 ஐசிகளும் உலகெங்கும் போலிகளாக உலவுகின்றன. சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, இணையத்தில் வாங்கினாலும் சரி, விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் விட்டுவிடுங்கள். போலி டிரான்சிஸ்டர் மெதுவான வால்யூமில் மாதக்கணக்கில் பாடும். ஒரு நாள் சத்தமாக வைக்கும்போது உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு சிலிக்கான் துண்டு தாங்காமல் ஷார்ட் ஆகும். ட்வீட்டர் நேரடியாக மாட்டியிருக்கும் பெட்டியில் அதன் விலை என்ன என்று மேலே பார்த்தோம். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குவதற்கு ஆகும் கூடுதல் பணத்தையும் காத்திருப்பையும் இந்த வேலையின் பகுதியாகவே எண்ண வேண்டும்.

ஃபோம் வளையம் மாற்றுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். பியோலேப் 8000, 6000 இரண்டிலும் இது தெரிந்த சங்கதி. பாலியூரித்தேன் ஃபோம் ஈரப்பதத்தால் சிதைவது. நம் கடலோர ஊர்களின் காற்றில் இன்னும் சீக்கிரம். புது வளையம் ஒட்டுவது பொறுமையான கைவேலைதான், முடியாத வேலை இல்லை. ஆனால் அளவு சரியாக இருப்பதால் மட்டும் எந்த வளையத்தையும் ஒட்டக் கூடாது. அதன் மென்மையும் எடையும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். "ரப்பர் போட்டா காலத்துக்கும் உழைக்கும்" என்பார்கள். உழைக்கும். ஆனால் ரப்பரின் எடை கோனோடு சேர்ந்து வூஃபரின் இயல்பு அதிர்வெண்ணை மாற்றிவிடும். ஃபில்டர் போர்டோ பழைய வூஃபரை மனதில் வைத்தே இன்னமும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். பாஸ் மந்தமாகிவிட்டதே என்று ஆம்பைக் குறை சொல்லத் தொடங்குவீர்கள்.

பவர் பகுதியை மட்டும் மாற்றுவது

அதிகம் பேசப்படாத வழி இது. அவுட்புட் பகுதிக்கென்று அந்தக் காலத்தில் செய்த ஹைப்ரிட் தொகுப்பு ஐசி (பல பாகங்களை ஒரே உறையில் அடைத்தது) போய்விட்டது, எங்கும் கிடைக்கவில்லை, ஆனால் ஃபில்டர் போர்டு நன்றாக இருக்கிறது. அப்போது எல்எம்3886 போன்ற ஒன்றில் கட்டிய சின்ன ஆம்ப் மாட்யூலை இடையில் பொருத்திவிடலாம். மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும். முதலாவது கெயின். பழைய ஆம்ப் சிக்னலை 20 மடங்காக்கியிருந்தால் அது 26 டெசிபல். புதியது 30 டெசிபல் கெயினோடு வந்தால் அந்த டிரைவர் 4 டெசிபல் சத்தமாகப் பாடும். ட்வீட்டரில் அது காதைக் குத்தும். இரண்டாவது போலாரிட்டி. பழைய ஆம்ப் சிக்னலைத் தலைகீழாக்கியதா இல்லையா என்று பார்த்து அப்படியே வைக்க வேண்டும். மாறினால் வூஃபரும் ட்வீட்டரும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று அழித்து, குரல்களில் பள்ளம் விழும். மூன்றாவது, சப்ளை மின்னழுத்தம் புது ஐசியின் எல்லைக்குள் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஸ்பீக்கரின் குரல் ஏறக்குறைய அப்படியே திரும்பிவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, 1970களின் பிலிப்ஸ் மோஷனல் ஃபீட்பேக் ஸ்பீக்கர்கள். அவற்றில் வூஃபர் கோனிலேயே ஒரு பீசோ சென்சார் உண்டு. கோன் உண்மையில் எப்படி அசைகிறது என்று அது ஆம்புக்குத் திருப்பிச் சொல்கிறது, ஆம்ப் தவறைத் திருத்துகிறது. சின்னப் பெட்டியில் அத்தனை ஆழமான பாஸ் வந்த ரகசியம் அது. அந்தச் சுழற்சிக்குள் பவர் ஆம்பும் ஒரு கண்ணி. ஆகவே அங்கே பாகத்துக்குப் பாகம் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கண்ணியையே மாற்றினால் வூஃபர் கட்டுப்பாடில்லாமல் ஆடித் தன்னையே கெடுத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டிஎஸ்பி ஆம்ப் போடுவது

நெதர்லாந்தின் ஹைப்பெக்ஸ் விற்கும் ஃப்யூஷன் வரிசை போன்ற தகட்டு ஆம்புகளில் (ஸ்பீக்கரின் பின்பக்கம் பதிக்கும் தகட்டில் கட்டியவை) இரண்டு, மூன்று சேனல் ஆம்பும், ஃபில்டர் வேலையை எண்களாகக் கணக்கிட்டுச் செய்யும் டிஎஸ்பி சிப்பும் சேர்ந்தே வருகின்றன. பழைய ஃபில்டர் போர்டு ஈரம் பட்டு அரித்துப் போய்விட்டது, தடங்களே இல்லை என்ற நிலையில் இது மரியாதையான வழி. ஆனால் அளக்கத் தெரிந்தவருக்கான வழி. அளவு பார்க்கும் மைக், ரூம் ஈக்யூ விசார்டு போன்ற இலவச மென்பொருள், பொறுமை எல்லாம் வேண்டும். இங்கே உங்களுக்கு ஒரு வரப்பிரசாதம் இருக்கிறது: நன்றாக இருக்கும் இன்னொரு ஸ்பீக்கர். அதன் போர்டிலிருந்து ஒவ்வொரு டிரைவருக்கும் என்ன சிக்னல் போகிறது என்று முதலில் அளந்துவிட்டு, டிஎஸ்பியில் அதே வளைகோட்டை அமைக்கலாம். இரண்டு பக்கமும் கெட்டுப்போன ஜோடியில் இந்த வசதி இல்லை. அங்கே நீங்கள் செய்வது பழுதுபார்த்தல் ஆகாது, பழைய பெட்டிக்குள் புது ஸ்பீக்கர் வடிவமைப்பு. பியோலேப் 8000 போன்ற ஒல்லிக் குழாய்க்குள் இந்தத் தகடு நுழையாது. வெளியே ஒரு பெட்டி வைத்துக் கேபிள் இழுக்க வேண்டிவரும்.

ஆம்பைப் பிடுங்கிவிட்டுக் கடையில் கிடைக்கும் பாசிவ் கிராஸ்ஓவர் (ஆம்புக்குப் பிறகு ஒலியைப் பிரிக்கும் சர்க்யூட்) ஒன்றை மாட்டுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அந்தக் கிராஸ்ஓவர் இந்த டிரைவர்களுக்காகச் செய்ததல்ல. போர்டு செய்துகொண்டிருந்த ஏற்ற இறக்கம் எதையும் அது செய்யாது. ஸ்பீக்கரும் போகும், மறுவிற்பனை மதிப்பும் போகும்.

அதே மாடலில் இன்னொரு பழைய ஜோடியை உதிரிக்காக வாங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ட்வீட்டர் கருகியிருந்தால் அது ஒன்றே வழியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஜோடியின் கெப்பாசிட்டர்களுக்கும் ஃபோமுக்கும் அதே வயது என்பதை மறக்காதீர்கள். டிரைவருக்காக வாங்குங்கள், ஆம்புக்காக வாங்காதீர்கள். அமெரிக்காவிலிருந்து வருவதாக இருந்தால் 120 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கைவிட வேண்டிய நிலை எது? உள்ளே முழுக்க டிஎஸ்பி இருந்து, அந்தப் போர்டே போய்விட்ட நிலை. 2003இல் வந்த பியோலேப் 5 ஒவ்வொன்றிலும் மொத்தம் 2,500 வாட்ஸ் தரும் ஐஸ்பவர் வகை ஆம்புகள் உண்டு, எடை 61 கிலோ. ஒவ்வொரு ஸ்பீக்கரையும் ஃபேக்டரியில் அளந்து, அதற்குரிய திருத்தங்களை உள்ளேயே எழுதி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட ஒன்றில் பவர் சப்ளையோ ஆம்ப் மாட்யூலோ போனால் தயங்காமல் சரிசெய்யலாம். திருத்தங்களைச் சுமந்திருக்கும் போர்டு போய், கம்பெனியிடமும் வழி இல்லை என்றால், டிரைவர்களை அதே மாடலைக் காப்பாற்ற முயலும் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு நகர்வதே நல்லது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், ஆம்பைத் தனியாகக் கழற்ற முடிகிற மாடல்களில் முழு ஸ்பீக்கரையும் கூரியரில் அனுப்பாதீர்கள். ஆம்ப் தொகுப்பை மட்டும் கழற்றி, நுரைத்தாள் சுற்றி அனுப்பினால் பெட்டி கீறல் படாது, டிரைவருக்கும் ஆபத்து இல்லை. கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெரிய கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிட்டதா என்று மல்டிமீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம்தான் கெட்டது என்றாலும் இரண்டு தொகுப்பையும் சேர்த்தே அனுப்புங்கள். ஒன்றில் காய்ந்த கெப்பாசிட்டர் மற்றதிலும் காய்ந்துகொண்டுதான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் அடுத்த வருஷம் இதே வேலையை மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கும்.